கணக்குக் கேட்கும் குழுக்கள்: பாராளுமன்ற நிதிக் கண்காணிப்புச் சேவை குறித்து ஒரு மதிப்புரை

இலங்கைப் பாராளுமன்றத்தின் நிதிக் குழுக்களை ஒரு பொதுச் சேவையாக எடுத்துக்கொண்டு, அதன் தரம் என்ன, யாருக்குப் பயன்படும், எங்கே பிசகுகிறது என்று எழுதுவதில் தவறேதும் இல்லை. அதற்கான கட்டணத்தைப் பெறுமதி சேர் வரியாகவும் எரிபொருள் விலைக்குள் அடங்கிய தீர்வைகளாகவும் நாம் எல்லோரும் முன்கூட்டியே செலுத்திவிடுகிறோம். நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு புறக்கோட்டையிலும் மட்டக்குளியிலும் உள்ள சிறு வியாபாரிகளுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன். அடுத்த வரவுசெலவுத்திட்டத்தில் எந்த வரி கூடும், எந்தத் தீர்வை மாறும் என்று முதலாளிமார் என்னிடம்தான் விசாரிப்பார்கள். அதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் இந்தக் குழுக்களின் அறிக்கைகளையும் ஒளிபரப்புகளையும் ஒழுங்காகப் பின்பற்றத் தொடங்கினேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீதிக்கும் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் வாங்கிய கடன் எங்கே போனது என்று துருவுவதில் இச்சேவை கெட்டித்தனமானது. அந்தக் கடனை அளக்கும் கோல் சரியானதா, அதாவது தொழில் நிலையங்களிடமிருந்து திரட்டப்படும் புள்ளிவிபரம் நம்பத்தக்கதா என்ற கேள்விக்கு வரும்போது அதன் கூர் மழுங்கிவிடுகிறது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். அரச நிதியின் மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது அரசியலமைப்பின் 148 ஆவது உறுப்புரை. அந்தக் கட்டுப்பாட்டை நடைமுறையில் செலுத்த மூன்று குழுக்கள் இருக்கின்றன. கோபா என்று அழைக்கப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு 1921 ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. அமைச்சுகளும் திணைக்களங்களும் அதன் பொறுப்பு. கோப் எனப்படும் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு 1979 இல் உருவானது. கூட்டுத்தாபனங்களும் சபைகளும் அதன் முன் வருகின்றன. மூன்றாவது, அரசாங்க நிதி பற்றிய குழு. வரிச் சட்டமூலங்களும் வர்த்தமானிக் கட்டளைகளும் கொழும்புத் துறைமுக நகரச் சட்டத்தின் கீழ் வரும் சலுகைகளும் சபைக்குப் போகுமுன் இங்கே ஆராயப்படுகின்றன. மூன்றில் எனக்கு அதிகம் பயன்படுவது இதுவே. முன்பு எம்.ஏ. சுமந்திரன் தலைமை தாங்கிய இக்குழுவுக்குப் பத்தாவது பாராளுமன்றத்தில் ஹர்ஷ டி சில்வா தலைவரானார். அதிகாரிகளை மேசைக்கு எதிரே அமர்த்தி, "இந்த எண் எப்படி வந்தது, அதற்கான தாளைக் காட்டுங்கள்" என்று கேட்கும் பாணி அங்கே ஊன்றிவிட்டது.

சேவையின் நல்ல பக்கத்தை முதலில் எழுத வேண்டும். 2019 இல் கோப் குழுவின் விசாரணை ஊடகங்களுக்குத் திறந்துவிடப்பட்டதன் பின்னர், முன்பு பாராளுமன்றம் நிற்கும் தியவன்னா ஓயாவின் கரையோடு முடங்கிக் கிடந்த கேள்வி பதில்கள் பேருந்தில் போகிறவரின் கைபேசிவரை வந்துவிட்டன. ஒரு கூட்டுத்தாபனத் தலைவர், தனது நிறுவனத்தின் சொத்துப் பதிவேடு எத்தனை ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று கேட்டதும் பக்கத்தில் இருக்கும் நிதிப் பணிப்பாளரைத் திரும்பிப் பார்ப்பதும், அவர் கோப்பைப் புரட்டுவதும், பின்வரிசையில் இருந்து ஒரு சிறு துண்டுக் கடதாசி முன்னே நகர்ந்து வருவதும் எந்த அச்சு அறிக்கையிலும் கிடைக்காத தகவல்கள். அச்சு அறிக்கைக்கும் தனிச் சுவை உண்டு. 2015 பெப்ரவரி 27 ஆந் திகதிய மத்திய வங்கியின் பிணைமுறி விநியோகம் பற்றி 2016 ஒக்டோபரில் கோப் சமர்ப்பித்த அறிக்கையில், சில உறுப்பினர்கள் தமது மாற்றுக் கருத்தை அடிக்குறிப்புகளாகச் சேர்த்ததால், பிணக்கு அந்த அடிக்குறிப்புகளுக்குள் குடியேறியது. "அடிக்குறிப்புக்காரர்" என்பது நமது அரசியல் பேச்சில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. மேலே இருக்கும் எழுத்தைவிடக் கீழே இருக்கும் சிறிய எழுத்தைக் கவனமாக வாசிக்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. தொழிலுக்கும் அது உதவுகிறது.

குறை என்று பார்த்தால் நேரம்தான் முதற்குறை. ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வழியே, அரசாங்கம் மொத்தமாக எவ்வளவு கடன் பெறலாம் என்ற உச்சவரம்பைப் பாராளுமன்றம் அங்கீகரிக்கிறது. அந்த வரம்புக்குள் எந்தத் துறைமுகத்துக்கு, எந்த வங்கியிடம், எத்தனை வீத வட்டிக்குக் கடன் என்பதை முடிவு செய்யும் இடம் அமைச்சரவை. ஆகவே குழுக்கள் ஒரு திட்டத்தை மேசையில் விரிக்கும்போது, பெரும்பாலும் ஒப்பந்தத்தில் மை காய்ந்து, கொங்கிரீட்டும் இறுகி, முதல் தவணையும் தொடங்கியிருக்கும்.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். முதற் கட்டத்துக்குச் சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கியிடமிருந்து 30 கோடி 70 இலட்சம் டொலர் கடன், 6.3 வீத வட்டி. 2010 நவம்பரில் முதற் கப்பல் வந்தது. 2017 இல் 99 வருடக் குத்தகைக்கு 112 கோடி டொலருக்குக் கைமாறியது. அந்தப் பணத்தோடு துறைமுகக் கடன் தீர்ந்துவிட்டது என்று இன்றும் நம்புகிறவர்கள் என் வாடிக்கையாளர்களிடையே உண்டு. உண்மையில் குத்தகைப் பணம் நாட்டின் டொலர் கையிருப்புக்கு உதவியது. துறைமுகக் கடன்களோ துறைமுக அதிகாரசபையின் ஏட்டிலிருந்து திறைசேரியின் தலைக்கு மாறி அப்படியே தொடர்ந்தன. 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்தின் கதையும் இதற்கு அண்ணன் தம்பிதான். சுமார் 20 கோடி 90 இலட்சம் டொலர் செலவில், ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட முனையம் அது. அந்தப் பத்து இலட்சம் என்ற எண்ணை யார், எந்தத் தரவை வைத்துக் கணித்தார்கள் என்ற கேள்வி கடன் ஒப்பமாகுமுன் ஒரு குழுவின் முன்னிலையில் எழுந்திருந்தால் அந்த விசாரணையே நாட்டுக்கு இலாபமாக இருந்திருக்கும்.

நேரப் பிசகு கட்டுவதில் மட்டுமன்றி நிறுத்துவதிலும் உண்டு. மாலபேயிலிருந்து கோட்டைவரை வரவிருந்த இலகு ரயில் திட்டத்துக்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜய்க்கா 0.1 வீத வட்டியில், 12 ஆண்டுச் சலுகைக் காலத்துடன், 40 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும் கடனைத் தந்தது. 2020 செப்ரெம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து போன ஒரு கடிதத்தோடு அத்திட்டம் நின்றது. செலவு அதிகம், கொழும்புக்குப் பொருந்தாது என்பது சொல்லப்பட்ட காரணம். 6.3 வீதக் கடனுக்கும் 0.1 வீதக் கடனுக்கும் இடையே உள்ள தூரத்தைப் புறக்கோட்டையில் கைமாற்று வாங்கும் எந்த முதலாளியிடமும் விளக்க வேண்டியதில்லை. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விடயம்; எனக்கும் அதில் இரண்டு மனம் உண்டு. ஆயினும் தொடங்குவதற்கும் கைவிடுவதற்கும் குழுவின் பரிசீலனை முன்நிபந்தனையாக இல்லாததால், இரண்டு முடிவுகளின் கணக்கும் நட்டக் கணக்காகவே பின்னர் அதன் முன்னால் வந்து சேர்கிறது. கடவத்தை முதல் மீரிகம வரையான 37 கிலோமீற்றர் அதிவேக நெடுஞ்சாலை, 98 கோடி 90 இலட்சம் டொலர் எக்சிம் கடன், 2022 இல் நாடு கடன் தவணையை நிறுத்தியதும் தூண்களோடு நின்றுபோன வேலை, 2025 இல் மீண்டும் தொடக்கம்: இதையும் அதே வரிசையில் வைக்கலாம். 2020 ஒக்டோபரில் சீனி மீதான விசேட பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஒரே இரவில் இறங்கியபோதும் பாராளுமன்றத்தின் முறை பின்னர்தான் வந்தது. அது உட்கட்டமைப்பு அல்ல என்பது தெரியும். எனினும் குறைந்த வரியில் வந்த சரக்கைப் பழைய விலைக்கே விற்றவர்கள் யார் என்பதைப் புறக்கோட்டை மறக்கவில்லை.

இதே வேலையை வேறொரு சபை எப்படிச் செய்தது என்று பார்த்தால் வித்தியாசம் துலங்கும். பிரித்தானியப் பொதுமக்கள் சபையில் 1974 இலிருந்து இயங்கிய ஐரோப்பியக் கண்காணிப்புக் குழு, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் ஒவ்வொரு சட்ட முன்மொழிவையும் முடிவெடுக்கப்படுமுன் வாசித்தது. முன்மொழிவு சபைக்கு வந்து பத்து வேலைநாட்களுக்குள் அமைச்சு ஒரு விளக்கக் குறிப்பு அனுப்ப வேண்டும். குழு அதை வாசித்துத் திருப்தி தெரிவிக்கும்வரை, விதிவிலக்கான நிலைமைகள் தவிர, அமைச்சர் பிரசெல்ஸில் போய் ஒப்புதல் அளிக்கக் கூடாது என்று 1998 இல் சபை தீர்மானமும் நிறைவேற்றியிருந்தது. குழுவின் அறிக்கைகள் சலிப்பூட்டுபவை, அதே காரணத்தால் நம்பத்தக்கவை. முன்மொழிவு இது, அமைச்சரின் நிலைப்பாடு இது, எங்கள் ஐயம் இது, பதில் வரும்வரை விடுவிக்க மாட்டோம் என்ற வரிசையில் பக்கம் பக்கமாகப் போகும். பிரித்தானியா ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு வேலை குறைந்து, 2024 பொதுத் தேர்தலுக்குப் பின் அக்குழு தொடரப்படவில்லை.

எனக்கு அந்த அறிக்கைகளில் பிடித்த விடயம், உட்கட்டமைப்பு நிதியும் வணிகப் புள்ளிவிபரச் சட்டமும் அங்கே ஒரே மேசைக்கு வந்ததுதான். ஐரோப்பிய மூலோபாய முதலீட்டு நிதியம் 2015 இல் தொடங்கியபோது, 2,100 கோடி யூரோ உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு 31,500 கோடி யூரோ முதலீட்டைத் திரட்டுவோம் என்றார்கள். ஒன்றுக்குப் பதினைந்து மடங்கு. திரட்டியதாகச் சொல்லப்பட்ட தொகை சில இடங்களில் மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்று 2019 இல் ஐரோப்பியக் கணக்காய்வு மன்றமே எழுதியது. மறுபக்கத்தில், 2017 மார்ச்சில் முன்மொழியப்பட்டு 2019 நவம்பரில் நிறைவேறிய வணிகப் புள்ளிவிபர ஒழுங்குவிதி, சிதறிக் கிடந்த பத்துச் சட்டங்களை நீக்கி ஒன்றாக்கியது. தொழில் நிலையம் எதைத் தெரிவிக்க வேண்டும், எத்தனை காலத்துக்கு ஒரு முறை, அந்தச் சுமை சிறு நிறுவனத்துக்குத் தாங்குமா, ஏற்றுமதி விபரத்தை நாடுகள் தமக்குள் பரிமாறும்போது இரகசியம் காக்கப்படுமா என்பவையெல்லாம் அதற்குள் அடங்கும். மடங்குக் கணக்குக்கும் படிவக் கணக்குக்கும் உறவு உண்டு என்று எவரும் அங்கே மேடை போட்டுச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே ஆட்கள் வாசித்தார்கள், அவ்வளவே.

நமது நாட்டில் அந்த உறவு இன்னும் நெருக்கமானது. 2003 இன் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம், அரச நிறுவனங்களின் கடனுக்குத் திறைசேரி வழங்கும் உத்தரவாதங்களுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 4.5 வீதம் என்று எல்லை போட்டது. திருத்தங்கள் மூலம் அந்த எல்லை ஏறிக்கொண்டே போய் 2021 இல் 15 வீதத்தைத் தொட்டது. 2024 இன் 44 ஆம் இலக்க அரசாங்க நிதி முகாமைத்துவச் சட்டத்தோடு அது 7.5 வீதத்துக்கு இறங்கியது. வட்டி நீங்கலான அரச செலவுக்கும் உற்பத்தியின் 13 வீதம் என்ற உச்சம் வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் 2023 மார்ச் உடன்பாட்டின் நிழலில் வந்த இந்த எல்லைகளைக் குழுவில் ஆர்வத்தோடு அலசுகிறார்கள். உத்தரவாதம், செலவு என்ற வகுபடும் எண்ணைப் பற்றி எத்தனையோ கேள்விகள் எழுகின்றன. வகுக்கும் எண்ணான மொத்த உள்நாட்டு உற்பத்தி மட்டும் வானத்திலிருந்து வந்ததுபோல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

அது வானத்திலிருந்து வரவில்லை, பத்தரமுல்லையிலுள்ள தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திலிருந்து வருகிறது. 2022 இல் கணிப்பின் அடியாண்டு, அதாவது ஒப்பீட்டுக்கு அடிப்படையாக எடுக்கும் ஆண்டு, 2010 இலிருந்து 2015 க்கு மாறியதும், 2021 ஆம் ஆண்டின் உற்பத்தி சுமார் 16.8 ட்ரில்லியன் ரூபாவிலிருந்து சுமார் 17.6 ட்ரில்லியனுக்கு உயர்ந்தது. அடியாண்டை மாற்றுவது உலகெங்கும் நடக்கும் முறையான வேலை. அதில் கள்ளம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு கல்லும் கூடுதலாக உடைக்கப்படாமல், ஒரு மீற்றர் துணியும் கூடுதலாக நெய்யப்படாமல், கடன் வீதம் குறைந்தது. அடுத்த ஆண்டு இன்னும் விசித்திரமானது. 2022 இல் பொருளாதாரம் ஏழு வீதத்துக்கும் மேல் சுருங்கியது. விலைவாசி ஏற்றத்தால் ரூபாவில் எழுதப்பட்ட உற்பத்தியோ 24 ட்ரில்லியன் அளவுக்கு வீங்கியது. உற்பத்தியின் இத்தனை வீதம் என்று எழுதப்படும் எந்த எல்லையும், நாடு மெலிந்த அதே ஆண்டில் ரூபாக் கணக்கில் அகன்றுவிடும் என்பதே இதன் பொருள். உத்தரவாத எல்லைக்கு மூன்றாண்டுச் சராசரியை எடுப்பதால் வேகம் சற்றுத் தணியும், திசை மாறாது.

அந்த வீக்கத்தை நான் ஒரு படிவத்தின் மேலேயே பார்த்தேன். மட்டக்குளியில் அலுமினியக் கதவு, யன்னல் சட்டங்கள் செய்யும் பட்டறை ஒன்றின் கணக்கு என்னிடம் இருக்கிறது. கைத்தொழில் அளவீட்டுப் படிவம் வந்தால் முதலாளி அதைத் திறக்காமலே என் பக்கம் தள்ளிவிடுவார். ஊழியர் எண்ணிக்கை, சம்பளம், மூலப்பொருள், மின்சாரம், எரிபொருள், உற்பத்தியின் பெறுமதி, ஆண்டின் தொடக்கக் கையிருப்பு, இறுதிக் கையிருப்பு என்று கட்டங்கள் போகும். டொலர் 200 ரூபாவில் நின்ற காலத்தில் வந்த அலுமினியக் கம்பியும், 360 ரூபாவைத் தாண்டிய பின் வந்த கம்பியும் ஒரே இறாக்கையில், ஒரே நீளத்தில், ஒரே பளபளப்பில் அடுக்கிக் கிடந்தன. இறுதிக் கையிருப்பின் பெறுமதி தொடக்கக் கையிருப்பைவிட மிக உயர்ந்திருந்தது. எண்ணிப் பார்த்தால் கம்பிகள் குறைவு. எந்த விலையைப் போடுவது என்று முதலாளியிடம் கேட்டபோது அவர் கவலை வேறாக இருந்தது.

"தம்பி, இதுல சரியான கணக்கப் போட்டா நாளைக்கு டெக்ஸ்காரன் வாசல்ல வந்து நிப்பான். போன வருசத்துக் கணக்கையே கொஞ்சம் கூட்டி எழுதி அனுப்பும்."

புள்ளிவிபரக் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் திரட்டப்படும் தனி நிறுவனத்தின் விபரம் இரகசியமானது, வரிக்காக அதை எடுத்துக் கொடுக்க முடியாது என்று விளக்கினேன். "சட்டத்துல இருக்கும் தம்பி" என்றார். அந்தச் சட்டத்தின் மீது அவருக்குள்ள நம்பிக்கை அவ்வளவுதான். தொகைமதிப்புக் கட்டளைச் சட்டம் 1900 ஆம் ஆண்டினது, புள்ளிவிபரக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டினது. இரண்டும் குடியேற்ற ஆட்சிக் காலத்துச் சட்டங்கள். அவற்றின் தண்டனைப் பிரிவு ஒரு சிறு முதலாளியைப் பயமுறுத்துவதுமில்லை, இரகசியப் பிரிவு அவரைத் தேற்றுவதுமில்லை. விவசாயம் தவிர்ந்த தொழில் நிலையங்கள் நாட்டில் சுமார் பத்து இலட்சம் என்று 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பு கண்டது. அதில் மிகப் பெரும்பான்மை இவரைப் போன்ற சிறு, நுண் அளவுக்காரர்கள். போன வருடத்துக் கணக்கைக் கொஞ்சம் கூட்டி எழுதும் பழக்கம் அவர்களில் எத்தனை பேருக்கு உண்டோ, அவ்வளவு தூரம் 7.5 வீதமும் 13 வீதமும் ஆடும்.

இந்தப் படிவத்தைப் பற்றி, இதன் பதிலளிப்பு வீதம் பற்றி, விலையையும் அளவையும் பிரித்தெடுக்கும் முறை பற்றிக் குழுக்களின் முன் ஒரு முழு நாள் விசாரணை வைக்கலாம். நெடுஞ்சாலைக் கேள்விமனுவைப் போல அது தொலைக்காட்சிக்கு உகந்த சரக்கல்ல என்பது புரிகிறது. இறுதிக் கையிருப்பை மதிப்பிடும் முறை பற்றிய விவாதம் எவரையும் அமைச்சராக்காது. இருந்தாலும் 2023 இன் பாராளுமன்ற வரவுசெலவுத்திட்ட அலுவலகச் சட்டம், உறுப்பினர்களுக்குச் சுயாதீனமான கணிப்புகளை வழங்கவென்றே இயற்றப்பட்டது. வகுக்கும் எண்ணைச் சோதிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தென்படவில்லை. கடன் முகாமைத்துவமும் முன்பு மத்திய வங்கி, வெளிநாட்டு வளங்கள் திணைக்களம், திறைசேரி என்று பிரிந்து கிடந்தது; 2024 இன் 33 ஆம் இலக்கச் சட்டம் அதை ஓர் அலுவலகத்தின் கீழ் கொண்டுவர வழிசெய்திருக்கிறது. விசாரிக்க வேண்டியவர் யார் என்ற குழப்பமாவது இனிக் குறையும்.

மொழி விடயத்தில் ஒன்று. பாராளுமன்ற உரைகளின் பதிவேடான ஹன்சாட்டில் ஒவ்வோர் உறுப்பினரின் பேச்சும் அவர் பேசிய மொழியிலேயே அச்சாகிறது. ஆகவே தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு நிதி விவாதத்தின் பெரும்பகுதி மூடிய கதவு. குழு விசாரணைகளும் பெரும்பாலும் சிங்களத்தில், எண்கள் வரும்போது ஆங்கிலத்தில் ஓடுகின்றன. கொழும்பில் கடை வைத்திருக்கும் தமிழருக்குச் சிங்களம் பேச்சளவில் தண்ணீர்பட்ட பாடு. "பிணை", "உத்தரவாதம்", "எதிர்பாராப் பொறுப்பு" என்று வரும்போது நெற்றி சுருங்கும். சேவையைத் தருபவர்கள் அறிக்கையின் முடிவுரைப் பகுதியையாவது மூன்று மொழிகளிலும் ஒரே நாளில் வெளியிட்டால், என்னைப் போன்ற கணக்கப்பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளர் வேலையும் பார்க்க வேண்டியிராது.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், இறக்குமதி வியாபாரிக்கும் கட்டுமான ஒப்பந்தக்காரருக்கும் அரசாங்க நிதி பற்றிய குழுவின் அறிக்கைகளைத் தயங்காமல் சொல்வேன். தீர்வை மாற்றத்தின் பின்னுள்ள தர்க்கம் அங்கே கிடைக்கும். கோப் குழுவின் ஒளிபரப்பு முழுவதையும் பார்க்க நேரமில்லாதவர், ஒரு நிறுவனத்தைப் பற்றிய கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையை முதலில் வாசித்துவிட்டு, அதில் சொல்லப்பட்ட பிழைகள் விசாரணையில் எழுந்தனவா என்று மட்டும் பார்க்கலாம். சாத்தியவள ஆய்வு என்ற சொல் எங்கே வந்தாலும் அங்கே நின்று, பயணிகள் தொகையும் வாகனத் தொகையும் எந்த ஆண்டின் தரவிலிருந்து எடுக்கப்பட்டன என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். திகதி இல்லாத எண் அகப்பட்டால் உங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம், அதற்கு முத்திரைச் செலவு மட்டுமே. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பவர்களுக்கு: செலவான பணத்தைத் தேடுவதில் நான்கு, செலவாகுமுன் தடுப்பதில் இரண்டு, புள்ளிவிபரத்தைச் சோதிப்பதில் ஒன்று.